எட்டாம் தொட்டிக்கு மூன்று ஆட்டம்

அக்டோபர் 4

மெர்லோ திராட்சை எல்லாம் தொட்டிக்குள் போய்விட்டது. இன்று கபெர்னேயும் முடிந்தது. முழங்கை வரை எனக்கு ஊதா நிறம். ரொட்டிக்கடைக்காரி, "யாரக் கொன்னுட்டு வர்றே, கிளாரிஸ்?" என்கிறாள்.

புதுப் பீப்பாய்களோடு ஜோரிஸ் வந்திருக்கிறான், செய்தவனே கொண்டுவந்து இறக்குகிறான். நாற்பது பீப்பாய்க்கு மூன்று நாள் ஆகுமாம். ஒரே நாள் வேலை. நான் ஏன் சொல்ல வேண்டும்?

அக்டோபர் 6

ஐயோ, ஐயோ.

நாலு மணி. தொட்டியின் அடியிலிருந்து சாற்றை இழுத்து அதே தொட்டியின் தலையில் ஊற்ற வேண்டும், மிதக்கும் தோல் காயாமல் இருக்க. எட்டாம் தொட்டியை முடித்து, பம்பை மெர்லோ இருக்கும் ஏழுக்கு மாற்றிவிட்டேன். வானொலியில் அக்கார்டியன். "குழாய் பாட்டுக்கு ஓடட்டும், வாயேன்" என்றான் ஜோரிஸ். மூன்று பாட்டுக்கு ஆடினோம். திரும்பினால் எட்டின் வாயிலிருந்து நுரை வழிகிறது! குழாயின் கீழ்முனையை மட்டும் மாற்றியிருக்கிறேன். மேல்முனை எட்டிலேயே கிடக்கிறது. மூவாயிரம் லிட்டர் மெர்லோ, இந்த மாளிகையின் மிக நல்ல கபெர்னேக்குள்!

இருநூறு வருடமாக இங்கே ஒவ்வொரு நிலத்தின் ஒயினும் பிப்ரவரி வரை தனித்தனிதான். கலப்பது முதலாளி முசியே ஏமெரிக் மட்டும். எனக்கோ முதல் அறுவடை. வேலை நிலைக்குமா என்பதும் பிப்ரவரியில்தான் தெரியும்.

ஆனால் என்னமாய் ஆடுகிறான்!

அக்டோபர் 7

நிலவறைத் தலைவி மதாம் ஓடிலிடம் சொல்லிவிட்டேன். எட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து, ருசி பார்ப்பவர்கள் வழக்கப்படி கொப்பளித்துத் துப்பினார்.

"உன் காலை ஒடிக்கணும்டி. இப்போ வாயைத் திறக்காதே. பிப்ரவரியில நல்லா இருந்தா பொழைச்சே, இல்லேன்னா பெட்டியைக் கட்டு."

அக்டோபர் 12

அறுவடை விருந்து. இந்த ஊர் வழக்கப்படி சூப்பின் கடைசி மிச்சத்தில் ஒயினை ஊற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தோம். ஜோரிஸுக்குச் சிவப்பு மீசை முளைத்தது. எல்லோரும் பார்க்க, என் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். எனக்குப் பித்துதான் பிடித்திருக்கிறது.

ஜனவரி 19

எட்டாம் தொட்டி ஒயின் உள்ள பீப்பாய்களைக் கடக்கும்போதெல்லாம் கும்பிடு போடுகிறேன். பீப்பாய் கசிகிறதா என்று பார்க்க ஜோரிஸ் வாராவாரம் வருகிறான். ஒன்றும் கசியவில்லை.

பிப்ரவரி 11

இன்றுதான் ருசி பார்க்கும் நாள், எது எந்தத் தொட்டி என்று முசியேவுக்குத் தெரியக்கூடாது.

புட்டிகளுக்குத் துணி சுற்றி எண் போட்டிருந்தார்கள். முசியே ஐந்தாம் எண்ணைக் குடித்தார். மறுபடி குடித்தார். துப்பவே இல்லை! "இதுதான் இந்த வருஷத்துக்கு ராஜா" என்றார். மதாம் துணியை அவிழ்த்தார். எட்டாம் தொட்டி.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் முசியே, "கலப்படமே இல்லாத நெலம். எங்க கொள்ளுத்தாத்தா கையால நட்டது" என்று ஆரம்பித்துவிட்டார். அடக்க முடியாமல் சிரித்தேன். சிரித்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முகம் ஒயின் நிறத்துக்கு வந்தது. இன்னொரு வாய் குடித்தார்.

"எவ்வளவு நேரம் ஓடிச்சு?"

"தெரியல முசியே. மூணு பாட்டு."

மதாம் முகத்தைத் துணியில் மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

பிப்ரவரி 12

வேலை நிலைத்தது! தலைகால் புரியவில்லை.

அக்டோபர் 5

நாலு மணி. ஏழிலிருந்து எட்டுக்கு, இந்த முறை வேண்டுமென்றே. முசியே வானொலியைத் தானே தூக்கிவந்தார். ஜோரிஸுக்கும் சொல்லியனுப்பியிருந்தார். "மூணே பாட்டு. நாலாவது கூடாது."

"அவன் போட்ட மோதிரத்தைக் கழட்டி வெச்சுட்டு ஆடுடி" என்றார் மதாம் ஓடில். "போன வருஷம் எட்டுல மெர்லோ விழுந்துச்சு, இந்த வருஷம் தங்கமா?"

மூன்றாவது பாட்டு முடிந்ததும் பம்பை நிறுத்தினேன். நாலாவதுக்கும் ஆடினோம்.