உப்புப் பாத்தியில் டயர்த் தடம்

1975 பிப்ரவரி 11, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். காற்று அசையவில்லை. கல்லூரியின் பழைய சைக்கிள் கொட்டகையைப் பெருக்கி முடிக்கப் பதினொன்றாகிவிட்டது. இரண்டு தும்மல், ஒரு தேள்.

மார்ச் 3 பல்கலைக்கழகக் குழு வருகிறது. சொந்தமாகத் தொழில் தொடங்க மாணவிகளைத் தயார் செய்யும் கல்லூரிகளைப் பார்வையிடுகிறார்களாம். எங்களிடம் காட்ட இருப்பது இந்தக் கொட்டகை, ஆறு மாணவிகள், ஊசி முறிந்த ஒரு தையல் மெஷின், நான். குழுவுக்குப் பிடித்தால் கொட்டகை எங்களுக்கு. பிடிக்காவிட்டால் பரீட்சைத் தாள் அடுக்கும் அறை. முதல்வர் மதர் நேற்றே சொல்லிவிட்டார், சிரித்துக்கொண்டே.

செய்ய வேண்டியவை: குழுவுக்கான அறிக்கையை டைப் அடிக்கக் கொடுக்க. ரப்பர் பசை. பூட்டுக்கு எண்ணெய். அண்ணனுக்குக் கடிதம் (மூன்று வாரமாகிறது).

காட்டப்போகும் பொருள் உப்பளச் செருப்பு. லாரி டயரில் அடி, ட்யூபில் மேல்பாகம். கணுக்காலுக்கு மேல்வரை மூடும். உப்பளத்துப் பெண்களுக்குக் கால் வெடித்துப் புண்ணாகிறது, சீசன் முடியும்வரை ஆறுவதில்லை. யோசனை என்னுடையது. வரைந்து, வெட்டி, ஒட்டியது ஜெயக்கொடி. பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. மாப்பிள்ளையூரணியில் வீடு, அப்பா இல்லை, அம்மா வடிவு உப்பளத்தில் கூலிவேலை. பதினைந்து வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், இப்படிக் கை ஓடுகிற பெண் எனக்குக் கிடைத்ததில்லை.

பிப். 13, வியாழன்

நாலு ஜோடி தயார். அளவெல்லாம் எங்கள் மாணவிகள் காலில் எடுத்தது.

ஜெ.யின் அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். கொட்டகை வாசலிலேயே நின்றார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. செருப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகத்தை விரலால் தடவினார்.

"டீச்சரம்மா, பாத்தியில எறங்கும்போது..." என்று ஆரம்பித்தார்.

மணி அடித்துவிட்டது. எனக்கு வகுப்பு. முதலில் போட்டுப் பாருங்கள் வடிவக்கா, குறையெல்லாம் அப்புறம் சொல்லலாம் என்று சொல்லிவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது போய்விட்டிருந்தார். நாலு ஜோடியையும் எடுத்துப்போனதாக ஜெ. சொன்னாள், கூட வேலை செய்யும் மூன்று பேருக்கும் சேர்த்து.

அறிக்கையில் ஒரு வரி கூட்டினேன்: 'உப்பளப் பெண்கள் இதைப் பெரிதும் வரவேற்றனர்.' இன்னும் யாரும் போட்டே பார்க்கவில்லை. அதனாலென்ன, பார்க்கத்தானே போகிறார்கள்.

மத்தியானம் கொண்டுபோன மீன்குழம்பு ஊசிப்போயிருந்தது. வெறும் சோறும் ஊறுகாயும்.

பிப். 17, திங்கள்

ஜெ. வரவில்லை. இன்றைய செய்முறை உப்புப் பகுப்பாய்வு. அவள் மேஜை காலி.

அவள் ஊர்ப்பெண் ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னாள்.

சனிக்கிழமை நாலு பேரும் செருப்போடு பாத்தியில் இறங்கியிருக்கிறார்கள். டயரின் கட்டை கட்டையான தடம் தரையில் அப்படியே பதிந்துவிட்டது. அடிமண் கிளம்பி, விளைந்து நின்ற உப்பு கறுத்துப்போயிற்று. இரண்டு பாத்தி பாழ். வேலை வாங்கும் கங்காணி செருப்புகளைக் கழற்றச் சொல்லி வரப்பில் எறிந்தாராம். மற்ற மூன்று பேருக்கும் திட்டோடு போயிற்று. கொண்டுவந்தவர் என்று வடிவக்காவை மட்டும் இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். உன் இடத்துக்கு வேண்டுமானால் மகளை அனுப்பு என்றாராம்.

ஜெ. இன்று அளத்தில் இருக்கிறாள்.

அந்தப் பெண்ணை வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பிப். 18, செவ்வாய்

அரை நாள் லீவு. பஸ், பிறகு ஒரு மைல் நடை. எங்கு பார்த்தாலும் வெள்ளை, கண்ணைத் திறக்க முடியவில்லை.

ஜெ. தலையில் உப்பு நிறைந்த ஓலைப்பெட்டியோடு வரப்பில் வந்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

கங்காணிக்கு ஐம்பது வயதிருக்கும், தலையில் துண்டு. சண்டைபிடிக்கத்தான் போனேன். அவர் சத்தமே போடவில்லை. பாழான பாத்திக்குக் கூட்டிப்போய், என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். என் டயர்த் தடம். வரிசை வரிசையாக.

"இது சிமென்ட்டுத் தரையில்ல டீச்சர். தை மாசம் முச்சூடும் இவளுவ வெறுங்காலால மிதிச்சு மிதிச்சு இறுக்குன தரை. இதுல போயி டயர வச்சா?"

அண்ணாச்சி, தப்பு என்னுடையது, அந்த அக்காவைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பாத்தியைக் கெடுத்தவர் மிதித்துக் கொடுக்கவேண்டும், அதுதான் இங்கே வழக்கம் என்றார். வடிவு ஒற்றை ஆளாக இரண்டு பாத்தியை எப்போது மிதித்து முடிக்க? அதற்குள் அளத்து முதலாளி வந்துவிடுவார் என்றும் சொன்னார்.

கெடுத்தது நான், நான் மிதிக்கிறேன் என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

வழியெல்லாம் ஒரே நினைப்பு. செருப்பு செய்த ஏழு பேரில் பாத்தியில் கால் வைத்தவள் ஒருத்தியும் இல்லை. ஜெ.கூட இல்லை. மகள் படிக்கட்டும் என்று அவளை ஒருநாளும் அளத்துப் பக்கம் விட்டதில்லை அந்த அம்மா. இப்போது நான் அனுப்பி வைத்திருக்கிறேன்.

பிப். 23, ஞாயிறு

நேற்றும் இன்றும் மிதித்தோம். நான், வடிவக்கா, ஜெ., மற்ற ஐந்து மாணவிகள். தண்ணீரை வடித்துவிட்டு ஈரமண்ணில் வரிசையாக, ஒரு கால் பக்கத்தில் மறுகால், இடைவெளி விடாமல், இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புவரை. பிறகு திரும்பி.

முதல் ஒரு மணி நேரம் சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் குதிகால் எரிந்தது. பத்து மணிக்கெல்லாம் விரலிடுக்கில் தோல் உரிந்துவிட்டது. வகுப்பில் மூச்சுவிடாமல் பேசுகிறவள், பேச்சே வரவில்லை. நான் மிதித்த இடத்தையெல்லாம் வடிவக்கா பின்னாலேயே வந்து மறுபடி மிதித்தார்.

சாயங்காலம் கங்காணி வந்து காலால் அழுத்திப் பார்த்தார். "நாளைக்கு வடிவு வரட்டும். புள்ள படிக்கப் போட்டும்." ஆனால் பாத்தியில் உப்பு வாரும் பழைய வேலை கிடையாது. இனிமேல் சுமை தூக்கத்தான்.

வரப்பில் உட்கார்ந்து அழுதேன். மாணவிகள் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

வாங்க: பஞ்சு, களிம்பு.

மார்ச் 3, திங்கள்

குழு வந்தது. மூன்று பேர். காலில் கட்டு, செருப்பு நுழையவில்லை, வெறுங்காலோடு நின்றேன். மதர் என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தை.

அறிக்கையை மறுபடி டைப் அடிக்க நேரமில்லை. பழையதையே வாசித்தேன், 'பெரிதும் வரவேற்றனர்' என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தினேன். இது பொய், யாரும் போட்டுப் பார்க்குமுன்னே எழுதியது என்றேன். செருப்பு தோற்றதையும், அதனால் ஒருவருக்கு வேலை போனதையும் சொன்னேன். அப்படியானால் இங்கே நாங்கள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நடுவில் இருந்தவர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். கலர் சோடா குடித்துவிட்டுப் போனார்கள்.

மாலையில் மதர் கூப்பிட்டார். மாதக் கடைசிவரை கொட்டகையை வைத்துக்கொள்ளலாம், பிறகு தாள் அடுக்க வேண்டும். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 9, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. தகரம் சுடுகிறது. நானும் ஜெ.யும் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். வடிவக்கா வந்தார். முதல்முறையாக உள்ளே வந்தார்.

கங்காணி அன்று வரப்பில் எறிந்த செருப்பை மடியிலிருந்து எடுத்தார். அடியைக் காணோம். அரிவாளால் டயரை அறுத்து எறிந்துவிட்டு, ட்யூபை மட்டும் கணுக்காலில் சுற்றிச் சணலால் கட்டிக்கொள்கிறார்களாம், நாலு பேருமே. பாதம் வெறுமையாகத் தரையில். கங்காணி பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாராம். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கணுக்கால் புண் காய ஆரம்பித்திருக்கிறது.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா, டயர் ஆகாது என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

தூக்கிய சேலையை இறக்கிவிட்டார்.

"கையில வாங்குனதுமே தெரியும் டீச்சரம்மா. வேண்டாம்னு சொன்னா எம்புள்ள மேல வருத்தப்படுவீகளோன்னுதான் போட்டேன்."

ஜெ. கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். வடிவக்கா உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தார். நானும் தரையில் உட்கார்ந்தேன். கட்டின மூட்டையை ஜெ. அவிழ்த்து, அளவு நாடாவை எடுத்துக் கொடுத்தாள். முதலில் எந்த இடம் வெடிக்கும் என்று கேட்டேன்.

தொட்டுக் காட்டினார்.