குளிருது என்று சொல்லக் கூடாது

நவம்பர் 18

இன்று ஆற்றில் பனிக்கட்டியை அறுத்து, நீந்தக் குளம் வெட்டினோம். பத்து மாதத்துக்குப் பிறகு நானும் இறங்கினேன். முப்பது வருஷம் கொதிகலன் நிலையத்தில் நின்று ஹார்பின் நகர வீடுகளுக்கெல்லாம் சூடு அனுப்பியவன், ஓய்வு பெற்ற பிறகு ஜட்டியோடு பனிக்குள் நிற்கிறேன். அறிவாளி என்றால் நான்தான். கூட நீந்துகிற குவான் என் தொப்பையைப் பார்த்துவிட்டு, "யோவ் துங், பாத்து இறங்கு. தண்ணி பொங்கி எங்க துணியெல்லாம் நனைஞ்சிரும்" என்றான்.

கரையில் அதே தகரக் கொட்டகை, அதே இரண்டு சட்டம். 'குளிருது' என்று எவனும் சொல்லக் கூடாது. சொன்னவன் எல்லோருக்கும் சூரியகாந்தி விதை வாங்கித் தர வேண்டும். இன்னொன்று, கைப்பேசிகளைப் பஞ்சுத் துணியில் சுற்றி, அடுப்போரம் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூட வேண்டும். வெளியே வைத்தால் பனியில் செத்துவிடும்.

நான் டப்பாவில் போடவில்லை. கரையில், கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு இறங்கினேன். ஏறி வருவதற்குள் செத்திருந்தது.

நவம்பர் 19

நன்றாகத் தூங்கினேன். வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 3

நான் மறுபடி போவது மகள் நிங்குக்குத் தெரியாது. தெரிந்தால் இப்போது வருகிற மாதம் ஒரு போனும் நின்றுவிடும்.

போன ஜனவரி பதினாலாம் தேதி என் மனைவி ஃபெங்லான் சமையலறையில் விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே என்னை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். ஏழு நாற்பதுக்கு ஒன்று, ஏழு ஐம்பத்திரண்டுக்கு ஒன்று. நான் வீடு திரும்பியபோது ஒன்பதாகிவிட்டது. அடக்கத்தின்போது நிங் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "அம்மா கூப்பிட்டப்ப நீங்க தண்ணியில இருந்தீங்க, இல்ல?"

நான் தலையாட்டினேன்.

டிசம்பர் 21

குளிர்காலத்தின் நடுநாள். பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோஸும் வைத்துக் கொழுக்கட்டை செய்தேன். பாதி வாயைப் பிளந்துகொண்டன, என்னைப் போல. ஃபெங்லான் மடித்தால் ஒன்றுகூடப் பிளக்காது.

எடுத்துக்கொண்டு நிங் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என் காதைப் பார்த்தாள். "சிவந்திருக்கு. மறுபடியும் போறீங்களா?"

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவளோ என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"போங்கப்பா. தண்ணிக்குள்ள இருக்கிற மனுசனுக்கு எப்படிக் கேக்கும்? ஒரு வருசமா உங்களப் போட்டு வதைச்சிட்டேன்."

அழுதாள். அழுதுகொண்டே, பிளக்காத கொழுக்கட்டைகளாகப் பொறுக்கி என் கிண்ணத்தில் போட்டாள். சாப்பிட்டேன். பதினாலு.

டிசம்பர் 22

அன்னைக்கு நான் தண்ணியில இல்ல.

ஏழரைக்கே ஏறிட்டேன். கொட்டகையில இடுப்புல துண்டோட, கடல்நாய் மாதிரி தரையில தவழ்ந்து காட்டிக்கிட்டிருந்தேன். எல்லாரும் வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. இன்னொரு தடவைன்னாங்க. இன்னொரு தடவை தவழ்ந்தேன். டப்பா எனக்குப் பின்னாடி — ஒரு கை தூரம். அதுக்கு மூடி போட்டவனும் நான்தான்.

அவ மன்னிச்சது வேற யாரையோ.

ஜனவரி 14

ஒரு வருஷம். நிங் ஆப்பிள் வாங்கி வந்தாள், அம்மா படத்துக்கு முன்னால் வைக்க. எனக்கும் ஒன்று நறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். கடல்நாயையும் விடாமல் எல்லாவற்றையும்.

அவள் கேட்டது ஒன்றுதான். "எல்லாரும் சிரிச்சீங்களா?"

"ஆமாம்மா."

எழுந்து கோட்டைப் போட்டாள். கோட்டு ஜிப் மாட்டிக்கொண்டு வரவே இல்லை. உதவிக்குக் கை நீட்டினேன். ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். அப்படியே போய்விட்டாள்.

நறுக்கின ஆப்பிள் சாயங்காலத்துக்குள் பழுப்பாகிவிட்டது. எறிய மனம் வரவில்லை.

பிப்ரவரி 16

நாளை சந்திரப் புத்தாண்டு. மீன் வைத்தேன், இரண்டு கிண்ணம் எடுத்து வைத்தேன். அவள் வரவில்லை. ஜனவரியிலிருந்து அந்த மாத போனும் இல்லை. குவான் வந்து என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனான். அங்கே சாப்பாட்டின் நடுவே நான் பாட்டுக்கு ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எழுந்து மாடிப்படிக்குப் போய் நின்றேன். சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு மகள் பக்கத்தில் இருந்திருப்பாள். — எவனுடைய மகளாக?

மார்ச் 2

டப்பா மூடியைக் காணோம் என்று குவான் கொட்டகையையே புரட்டிப் போடுகிறான். என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

மார்ச் 24

பனிக்கட்டி மெலிந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம், அப்புறம் குளத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

இரண்டு சுற்று நீந்திவிட்டு உள்ளே வந்து துடைத்துக்கொண்டிருந்தேன். குவான் மனைவியிடம் வாங்கிய திட்டையெல்லாம் அவள் குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தான். திறந்த டப்பாவில் ஒரு கைப்பேசி அடித்தது. என்னுடையது. மணி ஏழு நாற்பது.

முதல் மணியிலேயே எடுத்தேன். நிங். அவள் பக்கம் பேருந்து போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தண்ணியில இல்லையா?"

"இல்லம்மா. கொட்டகையிலதான் இருக்கேன்."

மறுபடி பேருந்துச் சத்தம்.

"குளிருதாப்பா?"

குவான் பேச்சை நிறுத்தியிருந்தான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"குளிருதும்மா" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. யாரும் விதை கேட்கவில்லை.