சகலையின் நாற்பத்தொரு நாள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு பல் ஆஸ்பத்திரியில் பதினொரு ஜன்னல் அளந்தேன். திரைச்சீலைத் தொழிலில் என் டேப் அரை அங்குலம் தப்பியதாகச் சரித்திரம் கிடையாது. வாய் தப்பும். அது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்தால், மனைவி ராஜ்ஜியம் கிடைத்த முகத்தோடு வாசலில் நிற்கிறாள். "அத்தானுக்கு லெட்டர் வந்திருக்கு."

அத்தான் என்றால் அவள் அக்கா புருஷன். எனக்குச் சகலை. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்து உள்ளே போனவர். அந்தச் சிறையை மூடி, வெள்ளையடித்து, இப்போது அருங்காட்சியகமாக்கி டிக்கெட் போட்டிருக்கிறார்கள். பழைய கைதிகளைத் தேடுகிறார்களாம். அன்றைக்குப் பிடிபட்ட முப்பத்துநாலு பேரில் சிலர் ஊர் மாறிப்போனார்கள், சிலர் உலகமே மாறிப்போனார்கள். கைக்கெட்டிய தூரத்தில் இருப்பவர் சகலை ஒருவர்தான்.

நானும்தான் அத்தனை வருஷமாக இதே ஊரில் குப்பை கொட்டுகிறேன். கரண்ட் பில்லைத் தவிர ஒரு காகிதம் என்னைத் தேடி வந்ததில்லை.

மார்ச் 8, ஞாயிறு

படை திரண்டு போனோம். நான், மனைவி, அவள் அக்கா, சகலை, சகலையின் ஒரே மகள் வாலு. வாலு என்பது நான் வைத்த பெயர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் உலகத்தில் உள்ள பொய்யை எல்லாம் அவளுக்கே ஊட்டி வளர்த்தேன். நான் யானையைக் கயிற்றில் கட்டிப் பல்லால் இழுத்தது, புயலை ஒற்றை ஜன்னல் கதவால் தடுத்து நிறுத்தியது எல்லாம் அவள் கேட்டு வளர்ந்த வரலாறு. முப்பத்தொரு வயதாகியும், "அப்புறம் என்ன ஆச்சு சித்தப்பா?" என்பாள். அந்தக் கேள்வியை அவள் அப்பாவிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் பேசினால்தானே 'அப்புறம்' வருவதற்கு. மனிதர் மௌனச் சக்கரவர்த்தி.

இன்று அவரிடம் கேட்டாள். என் காதால் கேட்டேன். "அப்புறம் என்ன ஆச்சுப்பா?"

பெரிய கதவுக்குள் ஒரு சின்னக் கதவு. எவ்வளவு பெரிய மனிதனும் குனிந்துதான் நுழைய வேண்டும். நுழைந்ததும் ஒரு கடை, அதில் கைவிலங்கு மாதிரி சாவிக்கொத்து. பிறகு நீண்ட நடை, இரண்டு பக்கமும் அறைகள். சகலை இருந்தது பத்தொன்பதாம் நம்பர். அவர் வெளியிலேயே நின்றுகொண்டார். நான் உள்ளே போய் டேப்பை இழுத்தேன். நீளம் ஒன்பதரை அடி, அகலம் ஆறேகால். ஜன்னல் எட்டடி உயரத்தில், ஒன்றரைக்கு ஒன்று. ஒரு கைக்குட்டை போதும் திரைக்கு.

சுவரில் இரண்டு பெரிய போட்டோ. உள்ளே போன அன்று முப்பத்துநாலு பேர். ஐந்து மாதம் கழித்து வெளியே வந்த அன்று முப்பத்துமூன்று பேர். முதல் போட்டோவில் சகலை மீசையும் மிடுக்குமாக நடுவில் நிற்கிறார். "அப்பா, ஹீரோ மாதிரி இருக்கீங்க" என்று வாலு அதையே பார்த்தபடி நின்றாள். இரண்டாவதில் அவர் இல்லை. ஜாமீனில் நாற்பத்தொரு நாளில் வந்துவிட்டாரே, அது எங்களுக்கெல்லாம் தெரிந்த கதை.

சந்திப்பு அறையில் இரண்டு வரிசை கம்பி வலை, நடுவில் ஒரு கெஜம் இடைவெளி. "இங்க நானும் நின்னிருக்கேன், தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். யாரும் திரும்பவில்லை. சகலை அதற்குள் வெளியே போய்விட்டிருந்தார்.

பொறுப்பாளர் அம்மா, சனிக்கிழமைதோறும் வந்து பார்வையாளர்களிடம் பேச முடியுமா என்று கேட்டார். என்னையா கேட்டார்? அவரை.

"எனக்குப் பேச வராதுங்க."

"அப்பா, எனக்காக," என்றாள் வாலு.

மார்ச் 9, திங்கள்

இது பொறாமை இல்லை. வயிற்றெரிச்சல். இரண்டும் வேறு. பொறாமை சின்ன மனிதர்களுக்கு வருவது.

மார்ச் 14, சனி

துணைக்குப் போனேன். இருபது பேர் நாற்காலியில். சகலை எழுந்து, தொண்டையைச் சரிசெய்து, "நாப்பத்தொரு நாள் இருந்தேன். சாப்பாடு கொடுத்தாங்க. வந்துட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். வாலுவின் முகம் சுருங்கிப்போனது.

என்னால் தாங்க முடியுமா? குடும்ப மானம் இருக்கிறதே. எழுந்தேன். கன்றுக்குட்டி சைஸில் எலிகளை அவிழ்த்துவிட்டேன். அவை கைதிகளின் தட்டருகே வரிசையில் வந்து நின்றன. சுவரில் ஓடிய கண்ணீரைத் துடைக்கத் தனி ஆள் போட்டிருந்தார்கள். ஒரு காவலர் குறட்டை விட்டால் மூன்று பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். கைதட்டல் கூரையைத் தூக்கியது.

திரும்பி வரும்போது சகலை, "நல்லா பேசினே தம்பி" என்றார். வேண்டுமென்றே சொல்கிறாரோ?

மார்ச் 21, சனி

இன்று "அவர்" என்று ஆரம்பித்தேன். எலி வந்தபோது "நாங்க" ஆனது. பூட்டு திறந்தபோது "நான்". எப்படி ஆனது? ஓடுகிற வண்டியில் கியர் மாறுவது மாதிரி, அதுவாகவே. சகலை பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெரியவர் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அந்தக் கையை நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

நல்ல வேளை, இந்த வாரம் வாலு வரவில்லை.

மார்ச் 26, வியாழன்

அருங்காட்சியகத்தார் விளம்பரத்தாள் அடித்திருக்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கும் என் படம். கீழே, "பத்தொன்பதாம் அறையில் நாற்பத்தொரு நாள் இருந்தவர் பேசுகிறார்." பேர் போடவில்லை. போட்டிருந்தால் திருத்தச் சொல்லியிருப்பேன். சத்தியமாக.

ஆறு பிரதி எடுத்து வந்தேன். ஒன்று கடையில், கல்லாவுக்கு மேலே.

மார்ச் 28, சனி

வாலு வந்தாள். வாசலில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள், மடித்தாள், பிரித்தாள். நான் பேசி முடிக்கும்வரை கடைசியில் நின்றாள். கைதட்டவில்லை.

"உங்ககிட்ட இல்லாத கதையா சித்தப்பா? எங்கப்பாகிட்ட இருந்ததே ஒண்ணு."

அவ்வளவுதான் சொன்னாள். அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் பஸ்ஸில் வந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

மனைவி பேசுவதில்லை. பாத்திரங்கள் பேசுகின்றன.

நானும் சும்மா இருக்கவில்லை, மனதுக்குள் வாதாடிக்கொண்டே இருந்தேன். அவர் பேசியிருந்தால் நான் ஏன் பேசப்போகிறேன்? அவருக்கு வேண்டாத பொருளைத்தானே எடுத்தேன்? ஆனால் வாலு அந்த முதல் போட்டோவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்த மாதிரி என்னை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. என்னைப் பார்த்துச் சிரிப்பாள். சிரிப்பு வேறு. ஆக, எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பார்வையா? ஐம்பத்தெட்டு வயதில், சகலை மகளிடமிருந்து? வெட்கமாக இல்லையாடா உனக்கு?

இருக்கிறது.

மார்ச் 31, செவ்வாய்

கடையைப் பூட்டிவிட்டு நேராகப் பொறுப்பாளர் அம்மாவிடம் போனேன். "அம்மா, அந்தப் படத்துல இருக்கறது தப்பான ஆள்" என்றேன்.

"தெரியும் சார். அவர் நேத்தே வந்துட்டுப் போயிட்டாரு."

"புகார் சொன்னாரா?"

"இல்லையே. அப்படியே இருக்கட்டும், மாத்தாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. நான்தான் முடியாதுன்னுட்டேன்."

பார்த்தீர்களா? இதிலும் எனக்கு ஒரு நாள் முந்திக்கொண்டார்.

ஏப்ரல் 1, புதன்

சகலை வீட்டுக்குப் போனேன். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அக்கா கடைக்குப் போயிருந்தார்.

"அண்ணே, ஏன் மாத்தாதீங்கன்னு சொன்னீங்க? என்னைக் கேவலப்படுத்தவா?"

சட்டையை உதறிக் கொடியில் போட்டார். "அந்த ஆளு நானா இல்லாம இருந்தா நல்லாருக்கும்னு ரொம்ப நாளா இருந்துச்சு தம்பி. நீ எடுத்துக்கிட்டதும் கொஞ்சம் லேசா இருந்துச்சு. அதான்."

"ஜெயிலுக்குப் போனது பெருமைதானே அண்ணே?"

"போனது பெருமைதான். வந்தது இல்ல."

பிறகு சொன்னார். மொத்தமாக நாலு நிமிஷம் இருக்கும், அவர் வாழ்க்கையிலேயே நீண்ட சொற்பொழிவு. ஜாமீன் எல்லாம் இல்லை. இனி வேலைநிறுத்தம் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன், செய்தது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் விடுவார்கள். முப்பத்துநாலு பேரும் போட மாட்டோம் என்று நின்றார்கள். நாற்பத்தோராம் நாள் அவர் போட்டார். மற்றவர்கள் ஐந்து மாதம் கழித்து மாலையோடு வந்தார்கள். அதற்குப் பிறகு பதினாறு வருஷம், தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் அவர் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. அக்காவுக்குக்கூடத் தெரியாது.

"ஏன் போட்டீங்க?"

என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீதானே தம்பி வந்து சொன்னே."

மேலே எழுத முடியவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். வாலு பிறந்த மறுநாள் என்னை அனுப்பினார்கள். "பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லாருக்காங்க, சொல்லிட்டு வா." இதுதான் செய்தி. கம்பி வலை. அந்தப் பக்கம் பத்துப் பேர், இந்தப் பக்கம் பத்துக் குடும்பம், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ஐந்தே நிமிஷம். நான் கத்தினேன்.

என்ன கத்தினேன்? "புள்ள உள்ளங்கை அளவுதான் இருக்கு அண்ணே. மூச்சு விட மாட்டேங்குது. அக்கா கண்ணே தொறக்கலை. நாளைக்கு இருக்குமோ இருக்காதோ."

சத்தத்தில் அப்படி வந்துவிட்டது என்று எழுதலாம். பொய். மாமனார் வீட்டில் எட்டு மாதமாக அவர் புராணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைன்னா அவர்தான், தைரியம்னா அவர்தான். நான் அவருக்குச் சேதி கொண்டுபோகும் ஆள். நல்லாருக்காங்க என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் ஒரு தடவை என்னைப் பார்த்து நடுங்க வேண்டும் என்று இருந்தது. அப்போதும் இதே எரிச்சல்தான்டா உனக்கு. நடுங்கினார். நான் திருப்தியாக வந்து சாப்பிட்டுத் தூங்கினேன். மறந்தும் போனேன். அதுதான் பெரிய விஷயம் — மறந்துபோனேன்.

நேற்றுக் கடைசியாகக் கேட்டேன். "வந்து பாத்ததும் என் சட்டையப் புடிச்சிருக்கலாமே அண்ணே. ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"புடிக்கலாம்னுதான் வந்தேன். நீ சின்னப் பையன். அப்புறம் அவ வளந்தா, உன் தோளை விட்டு எறங்க மாட்டா. அவளுக்கு நீன்னா உசுரு. அதைப் போய் எப்படிக் கெடுக்கறது?"

ஏப்ரல் 4, சனி

சகலையே பேசினார். வாலு முன்வரிசையில். நான் கதவோரம்.

அறையின் நீள அகலம் சொன்னார். கொசு சொன்னார். பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் பேசினார். பேச வராதாம். பிறகு ஒரு கண்ணாடி போட்ட அம்மா கேட்டார்: "மத்தவங்க அஞ்சு மாசம் இருந்ததா போட்டோல போட்டிருக்கே. நீங்க ஏன் முன்னாடியே வந்துட்டீங்க?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "மன்னிப்பு எழுதிக் கொடுத்துட்டு வந்தேங்க. மக பொறந்திருந்தா. பாக்கணும்போல இருந்துச்சு."

வாலு எழுந்து போய் அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

யானை, புயல், எலி என்று நான் முப்பத்தொரு வருஷமாகக் கட்டிய கோட்டையை மனிதர் இரண்டே வார்த்தையில் தாண்டிப் போய்விட்டார். எரிந்தது. ஆமாம், அந்த நேரத்திலும் எரிந்தது. அதோடு, அந்தக் கதையிலிருந்து என்னைச் சுத்தமாகக் கத்தரித்து எடுத்திருந்தார், ஒரு நூல் பிசிறு இல்லாமல். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். அவள் என்னிடம் திரும்பி வந்திருப்பாள்.

"வேற யாராவது கேக்கணுமா?" என்றார் பொறுப்பாளர் அம்மா.

கையைத் தூக்கினேன்.

ஐந்து வாக்கியம் இருக்கும். உள்ளங்கை அளவு என்று கத்தியதையும் சொன்னேன். சகலை "வேணாம் தம்பி, உக்காரு" என்றது கேட்டது. வாலு அப்பாவின் தோளிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தாள். இந்த முறை சிரிப்பு இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

வாலு போன் எடுக்க மாட்டேன் என்கிறாள். மனைவி பேச ஆரம்பித்துவிட்டாள், "சாப்பிட வாங்க" அளவுக்கு.

ஏப்ரல் 13, திங்கள்

மதியம் வாலு கடைக்கு வந்தாள். துணிச்சுருள்களுக்கு நடுவே நின்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"நான் பொறந்தப்ப நிஜமா எவ்வளவு இருந்தேன்?"

"மூணு கிலோ நூறு."

ஒரு சுருளின் முனையைப் பிரித்து, மறுபடி சுற்றி வைத்தாள். "எவ்வளவு?"

"மூணு கிலோ நூறு."

தலையாட்டினாள். படியிறங்கும்போது சொன்னாள்: "இனிமே சனிக்கிழமை அப்பாவ நானே கூட்டிட்டுப் போறேன். நீங்க வர்றதா இருந்தா டிக்கெட் எடுத்துட்டு வாங்க."

சாயங்காலம் போய் எடுத்து வந்துவிட்டேன்.