நீலப் பிடிதுணி

தைத்து மிஞ்சுகிற துண்டு எதையும் அல்மாஸ் வீணாக்க மாட்டாள். பீரோவில் கிடந்த வெள்ளைத் துண்டையும் அடுப்படிக்கு இரண்டு பிடிதுணியாகத் தைத்து மாட்டிவிட்டாள். போன மாதம் மவுத்தான அத்தாவின் உடலைப் போர்த்தக் கஃபன் வெட்டியதில் மிஞ்சிய துணி அது என்று அவளுக்கு அப்போது தெரியாது. கணவனை இழந்து, வெளியே வராமல் இத்தாவில் இருக்கும் அம்மா, அதைப் பார்த்ததிலிருந்து அவளோடு பேசவில்லை. காலையில் கிள்ளையிலிருந்து சிதம்பரத்துக்கு வேலைக்குக் கிளம்பிய அல்மாஸ், சீட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

“அம்மா, கஞ்சி அடுப்புல இருக்கு, சூடு பண்ணிக் குடிங்க. கேஸ்காரர் வந்தா நீங்க வெளிய வராதீங்க, பக்கத்து வீட்டு அமராவதி அக்கா சிலிண்டர வாங்கி வெப்பாங்க. நீங்க ரெண்டு அடி அடிச்சிருந்தாகூடத் தேவலாம்மா. அந்த வெள்ளத் துணியத் தையல் பிரிச்சு, தொவச்சு, ஒங்க தலகாணிக்கு அடியில வெச்சிருக்கேன். மஞ்சக் கறை மட்டும் போவல.”

எழுதிவிட்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் இருந்த கொஞ்ச இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

“பானைய வெறுங்கையால எறக்காதீங்க. வேற பிடிதுணி தெச்சு மாட்டியிருக்கேன், நீலத்துல. போன பெருநாளைக்கு அத்தா எனக்கு எடுத்துக் குடுத்த துப்பட்டாம்மா. வெட்டிட்டேன்.”