ஒட்டக் கூடாத செல்கள்

1982 பிப்ரவரி 8, திங்கள்

பனிமூட்டம். பஸ் தாமதம். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தேன். கால்சியம் மிகக் குறைவாகக் கொடுத்த தட்டிலும் எலித்தோல் செல்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. தனித்தனியாக நிற்க வேண்டியவை. கால்சியம் கொடுத்த பிறகுதான் கைகோத்து, வரிசைக்கு வந்து, பெருகுவதை நிறுத்த வேண்டும். புற்றுச் செல்கள் மட்டும் கொடுத்தாலும் அடங்காது என்பது என் கட்சி. கால்சியம் கொடுத்த தட்டும் கொடுக்காத தட்டும் ஒரே மாதிரி இருந்தால் எதைக் காட்டுவது?

கைடு சார்: "சனிக்கிழமை வரைக்கும் பாப்போம்மா. இல்லேன்னா இந்த ஆராய்ச்சியை உன் சீனியர் பாட்டியாகிட்ட குடுத்துடறேன். கைக்குழந்தையை வெச்சுண்டு நீயும் பாவம்."

பாவமா? நானா?

வாங்க வேண்டியது: கிரைப் வாட்டர், தக்காளி, அவருக்கு பிளேடு.

9, செவ்வாய்

அனுவின் பால் புட்டியைக் கொதிக்க வைத்து எடுத்தேன். ஆறியதும் கண்ணாடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சரோஜினி நகர் குழாய்த் தண்ணீர் லட்சணம். அப்படியே நின்றுவிட்டேன். லேபில் ஆவியழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் ரிப்பேர். கிருமி போகாதோ என்ற பயத்தில் செல்களுக்கு ஊட்டும் மீடியம் வைக்கிற பாட்டில்களையும் இப்படித்தானே குழாய்த் தண்ணீரில் கொதிக்க வைத்தேன்! உள்ளே காய்ந்து படிந்தது அத்தனையும் கால்சியம். அதுதான் மீடியத்தில் கரைந்து ஒட்ட வைத்திருக்கிறது. செல்கள் மேல் தப்பே இல்லை.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தார்: "க்யா ஹுவா பேட்டி?" அனு அழுததே காதில் விழவில்லை.

10, புதன்

அவரிடம் வீட்டு பிரஷர் குக்கரைக் கேட்டேன்.

"அப்ப பருப்பு எதுல வேகும்?"

"உங்க பொறுமையில."

"கருகிடும்டி." சிரித்துக்கொண்டே துணிப்பையில் போட்டுத் தந்தார்.

பாட்டில்களை ஆசிட்டில் ஊறப்போட்டு, டிஸ்டில்டு வாட்டரில் அலசி அலசி, அதே தண்ணீரின் ஆவியில் குக்கருக்குள். புது மீடியம், புதுத் தட்டுகள். பாட்டியா எட்டிப் பார்த்தான். "பாபிஜி, லேப்ல சாம்பாரா?" அவனுக்கு நான் அண்ணியாம்.

"சனிக்கிழமை பரிமாறறேன், இரு."

12, வெள்ளி

குறைந்த கால்சியம் தட்டில் எல்லாம் தனித்தனி. அப்பாடா! காலையில் பாதித் தட்டுகளுக்குக் கால்சியம் சேர்த்தேன். சாயங்காலத்துக்குள் தோல் செல்கள் தோளோடு தோள். புற்றுச் செல்கள் கால்சியத்துக்கு மசியவில்லை. நாளை வரை பொறுக்க வேண்டும்.

அனுவுக்கு இருமல். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். எதற்கும் நெற்றியை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன்.

13, சனி

நல்ல வெயில். இருமல் குறைவு.

தோல் செல்கள் பாய் விரித்த மாதிரி. புற்றுச் செல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பெருகிக்கொண்டே. பாட்டில் விஷயத்தை சாரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். சார் குனிந்து தட்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"கால்சியம் செல்லுக்குள்ளேயே போகலையா? இல்லே, போயும் இதுகளுக்குப் புரியலையா?"

"அடுத்து அதைத்தான் சார் பார்க்கணும்."

வேலை தனக்குத்தான் என்று பாட்டியா நோட்டைத் திறந்தான். சார் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"எப்போ ஆரம்பிக்கப் போறே?"

"காலையிலயே தட்டு போட்டாச்சு சார்."