பாயின் கண்ணாடியில் சந்தனம்

"கீழ வுழுந்தா மொதல்ல இன்னாக்கா ஒடையும், நானா, பலகையா?" என்று ஒருநாள், காற்றில் ஓடும் பாய்மரப் பலகையிலிருந்து விழுந்தெழுந்து, ஏரிக்கரையில் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு என்னைக் கேட்டாய். நான் அறிவியல் ஆசிரியை அல்லவா, பொறுமையாக விளக்கினேன். தண்ணீரில் விழுந்தால் இரண்டும் உடையாது, பலகை கல்லில் இடித்தால்தான் ஆபத்து என்றேன். "அத மன்றத்து செகரட்டரி ஆண்ட சொல்லு. நான் வுழுந்தா அவரு ஓடியாந்து பலகையத்தான் தடவிப் பாக்குறாரு" என்றாய். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

போன வாரம் திருமுல்லைவாயிலில் உன் வீட்டு வாசலில் உனக்குப் பதினாறாம் நாள் காரியம். மழை பிடித்துக்கொண்டது. நனைந்த பந்தல் தார்ப்பாயிலிருந்து ஒரு வாசனை எழுந்தது. நம் பலகையின் பாயைச் சுருட்டும்போது வரும் அதே வாசனை. உன்னை நினைத்துக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலைக்காரர் நம் குடியிருப்புப் பொழுதுபோக்கு மன்றத்தின் அந்தக் காலத்துக் கமிட்டி ஆள். ரசத்தைப் பிசைந்தபடி, "நல்ல டீச்சர், பாவம். ஏரில போர்ட ஒடச்சாங்களே, அந்த பி.டி. டீச்சர்தானே இவங்க?" என்றார்.

எத்தனை பிள்ளைகளை ஓட வைத்தாய், எத்தனை பெண்களுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தாய். அந்த மனிதருக்கு நினைவிருப்பது போர்டு. இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆவடிப் பக்கம் நம் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஓர் அதிகாரி இருந்தார். துறைமுக ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். மறுபடி மாற்றல் வந்தபோது, பாய் வைத்த தன் பலகையைப் பொழுதுபோக்கு மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் நின்று பாயைப் பிடித்தால் காற்று இழுத்துப் போகும். விண்ட்சர்ஃபிங் என்பார்கள். போவதற்கு முன் சில ஞாயிற்றுக்கிழமைகள் ஆர்வமுள்ளவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆண்கள் நிறையப் பேர் வந்தார்கள். பெண்களில் நாம் இருவர்தான். நீ டிராக் பேண்ட் போட்டு வந்ததையே குடியிருப்பு ஒரு மாதம் பேசியது.

நான் விழுந்து விழுந்து அலுத்துக் கரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ ஒவ்வொரு முறை விழுந்ததும் ஏன் விழுந்தாய் என்று யோசித்தாய். கயிற்றை இழுத்துப் பாயை நிமிர்த்தும்போது முதுகை வளைத்தால் விழுவோம், முழங்காலை மடக்கி நிமிர்ந்து இழுத்தால் நிற்போம் என்று கண்டுபிடித்தாய். காலைக் குனிந்து பார்த்தால் விழுவோம், போகிற திசையைப் பார்த்தால் நிற்போம். "காத்து வெடுக்னு இழுத்தா பின்கைய மட்டும் வுட்றணும்க்கா. ரெண்டையும் வுட்டா பாய் பூடும். ரெண்டையும் கெட்டியா புடிச்சிகினு இருந்தா நாம பூடுவோம்" என்பாய். விழுவது உறுதியானால் குதிக்காமல் தட்டையாக மல்லாந்து விழுவாய், ஏரியடியில் வெட்டிய கருவேல மரங்களின் அடிக்கட்டைகள் இருந்ததால். பாய் மேலே மூடிக்கொண்டால் பதறாமல் ஒரு கையால் அதைத் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டு வெளியே வருவாய்.

பலகையையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டாய். கரை நெருங்கும் முன்பே இறங்கிவிடுவாய், பலகைக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி நீட்டியிருக்கும் தகடு தரையில் இடிக்காமல் இருக்க. சரளையில் இழுக்க விடமாட்டாய். "தூக்குக்கா, உன் ஊட்டு ஆட்டுக்கல்லா இது?" என்று என்னை விரட்டுவாய். பாயை மடிக்காமல் சுருட்டுவாய். கரையில் வைத்தால் பாயைத் தாங்கும் கம்பம் காற்று வரும் பக்கமாக இருக்கும்படி கிடத்துவாய். மன்றத்தில் வேறு யாரும் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. இதை அன்றே கமிட்டியில் சொன்னேன். இன்றும் சொல்கிறேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலை ஊரில் அது சாதாரண விழாவா? லேத்திலிருந்து சைக்கிள் வரை பொட்டு வைக்காத இரும்பு கிடையாது. மன்றத்தில் கேரம் போர்டுக்கும் பூ, பலகைக்கும் மாலை. பாய்க்கும் சந்தனம் வைக்க வேண்டும் என்றார்கள். துணியில் வைத்தால் கறை படிந்து பொருள் கெட்டுவிடும் என்று செயலாளர் ரொம்ப யோசித்தார். பாயின் நடுவே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாளரம் உண்டல்லவா, அதில் வைக்கச் சொன்னார். உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம். ஒன்று போதாது என்று வரிசையாக வைத்தார்கள். பாய்க்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று பார்க்க இருக்கிற ஒரே வழி அந்தச் சாளரம். பொருளைக் காப்பாற்றுகிறேன் என்று அதன் கண்ணைக் கட்டிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு நீ ஈரத்துணியோடு துடைக்கப் போனாய். செயலாளர் ஓடி வந்தார்.

"மேடம், மேடம்! பூஜ போட்டத தொடைக்கலாமா?"

"சார், பஸ்ஸுல டிரைவர் கண்ணாடிலயும் பொட்டு வெக்கிறாங்கோ. ஓரமா வெக்கிறாங்கோ. மூஞ்சிக்கு நேரா வெக்க மாட்டாங்கோ."

"சாமி காரியத்துல விளையாடாதீங்க. நீங்க விழாம போங்க, போதும்."

"எதுர்ல இன்னா கீதுன்னு தெரியாம எப்டி சார் வுழாம போறது?"

"பயமா இருந்தா லேடீஸ் ஏன் எறங்கணும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கரையே சிரித்தது. நீ துடைக்காமலே துணியை என்னிடம் எறிந்துவிட்டு இறங்கினாய்.

அழகாகத்தான் போனாய். திரும்பி வரும்போது ஏரியில் வலை கட்ட நட்டிருந்த கம்பு பாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது. கரையிலிருந்த எங்களுக்குத் தெரிந்தது, கத்தினோம், காற்றில் எட்டவில்லை. பலகையின் மூக்கு பிளந்தது. உன் தோள்பட்டை இறங்கிவிட்டது. வலியில் முகம் வெளுத்து நீ கரையேறியபோது செயலாளர் உன்னைத் தாண்டிப் போய்ப் பலகை முன் மண்டியிட்டார். நீ முன்பு கேலியாகச் சொன்னதை அன்று கண்ணால் பார்த்தேன்.

கமிட்டி கூடியது. நான் உன்னோடு வந்தேன். சாளரத்தைக் கொண்டுவந்து காட்டுங்கள், அதன் வழியே என் முகம் தெரிகிறதா பாருங்கள் என்றேன். யாரும் எழுந்து போய் எடுத்து வரவில்லை. பூஜையைக் குறை சொல்கிறேன் என்று ஒருவர் என்மேல் பாய்ந்தார். இனிப் பெண்களுக்குப் பலகை கிடையாது என்று முடிவு செய்தார்கள். கட்டுப் போட்ட கையோடு நீ எழுந்தாய். "சார், என்னிய நிறுத்துங்க. பரவால்ல. பொண்ணுங்கள ஏன் சார் நிறுத்துறீங்கோ?" என்றாய். 

பலகையை ஒட்டுப் போட்டுச் சரிசெய்தார்கள். அடுத்த கோடையில் ஆண்கள் பாயைக் கரையில் தலைமாற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். காற்று தூக்கி மரத்தில் அடித்துக் கம்பம் இரண்டாக முறிந்தது. அதற்கு எந்தக் கமிட்டியும் கூடவில்லை. "காத்துக்கு என்ன பண்றது" என்றார்கள். நீ விழுந்தால் அது பெண் இனத்தின் குறை. அவர்கள் உடைத்தால் அது காற்று. ஓய்வு பெற்று இத்தனை ஆண்டுகள் ஆகியும் இந்தக் கணக்கை என்னால் யாருக்கும் விளக்க முடியவில்லை.

மழை விட்டதும் பந்தலுக்குத் திரும்பிப் போய் அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இன்னா டீச்சர், பழைய கத" என்று வெற்றிலையை மடித்தார். உன் மகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாதான் தப்புச் செய்தாள் என்று அதுவரை நம்பியிருந்தாளாம். நீ அவளிடம்கூடச் சொல்லவில்லை. அன்று அவள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் என் கையில் இருக்கிறது. அதற்காகவே, கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் பலகையை என் தோழிதான் உடைத்தாள் என்று தோன்றினால், சுற்றுச்சுவர் உள்ள மொட்டைமாடியில் காற்று வீசும் மாலையில், ஈரப் புடவை ஒன்றை இரண்டாக மடித்து, முகத்துக்கு நேரே இரு கைகளாலும் விரித்துப் பிடித்து நில்லுங்கள்; அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரைச் சத்தமில்லாமல் நடந்து வரச் சொல்லி, அவர் எப்போது உங்கள் கண்ணில் படுகிறார் என்று பாருங்கள்.