ரம்பம் பிடிக்கிற கை

விழுப்புரம்
6-2-1938

திண்டிவனம் அந்தோணிசாமி மேஸ்திரி அவர்களுக்கு, விழுப்புரம் தச்சு வேலை சவுரிராயன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது.

நாம் நேரில் பார்த்ததில்லை. உங்கள் ஊர் மண்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிவரும் வண்டிக்கார முத்துசாமி உங்கள் வேலையைப் பற்றிச் சொன்னதை நம்பி எழுதுகிறேன். அவர் கையில் என் சீமை ரம்பத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பத்து வருஷத்துக்கு முன் இங்கே ஒரு கட்டடம் முடிந்தபோது, துரை என் வேலையைப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்துப் போனது. போன வாரம் கல் மேல் விழுந்து மரப்பிடி நடுவில் பிளந்துவிட்டது. பிடியின் மேலே வளைந்து நிற்கும் கொம்பு சில்லாகப் போய்விட்டது. இங்கே காட்டிய இடத்திலெல்லாம் பிடியை எறிந்துவிட்டு ஒரு உருளைக் கட்டையைச் செருகச் சொல்கிறார்கள். மனசு கேட்கவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நாற்பது பெஞ்சு முடித்தாக வேண்டும். பல் கெடாமலிருக்க ரம்பத்தை இரண்டு பலகைத் துண்டுக்கு நடுவே கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சவுரிராயன்

*

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்
10-2-1938

சகோதரர் சவுரிராயனுக்கு அந்தோணிசாமி எழுதுவது. இங்கு யாவரும் சுகம். உங்கள் வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

உருளைக் கட்டை செருகச் சொன்னவர்களை என் பட்டறைப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தப் பிடியைச் செதுக்கியவன் எந்த ஊர்க்காரனோ, மரம் தெரிந்தவன். கை தள்ளுகிற பலம் நேரே பல்லுக்குப் போகிற மாதிரி சாய்த்து வைத்திருக்கிறான். அதை எறிய எனக்குக் கை வராது. ஒட்டித் தருகிறேன்.

ஆனால் பிடியைவிட என்னை உட்கார வைத்துப் பார்க்கச் செய்தது அந்த இரண்டு பலகைத் துண்டுதான். மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். இடுக்கில் வெளிச்சம் புகவில்லை. போட்ட பென்சில் கோட்டின் தடிமனில் பாதி, இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை அப்படியே நிற்கிறது. இழைப்புளி படாத வெறும் அறுப்பு. நானும் முப்பது வருஷமாக அறுக்கிறேன், பத்துக்கு நாலு இப்படி விழுந்தால் அதிகம். பொறாமையாகத்தான் இருக்கிறது, ஒளிப்பானேன். அந்தக் கைக்கு என் கும்பிடு.

கொம்பைப் புதிதாகச் செதுக்க அளவு வேண்டும். ரம்பம் பிடிக்கிற கையைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள்.

அன்புள்ள,
அந்தோணிசாமி

*

விழுப்புரம்
15-2-1938

மேஸ்திரி அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை வீட்டில் இரண்டு தரம் படித்தோம். அந்த அறுப்பைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கையை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். இரவல் ரம்பத்தில் வேலை ஊர்ந்துகொண்டிருக்கிறது.

சவுரிராயன்

*

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்
3-3-1938

அன்புள்ள சவுரிராயனுக்கு,

ரம்பம் முத்துசாமி வண்டியில் வருகிறது. பிளந்த இரண்டு பாதியையும் வச்சிரம் காய்ச்சி ஒட்டி, மூன்று நாள் இறுக்கிக் கட்டி வைத்தேன். கொம்புக்குப் பெருமுக்கலிலிருந்து கொண்டுவந்த பூவரசு. ஆறு வருஷம் என் பரணில் காய்ந்தது. ரேகையோடு ரேகை சேர்த்திருக்கிறேன். நகத்தால் தடவினாலும் ஒட்டு தட்டாது. என் வேலையை நானே புகழ்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

பெருவிரல் பக்கம் சுரண்டினது போல ஒரு குழி இருந்தது. எலி வேலையாக இருக்கும். அதையும் நிரப்பி, நீங்கள் அனுப்பிய கைக்குச் சரியாகச் செய்துவிட்டேன். நல்ல பெரிய கை.

கூலிக்குப் பதிலாக, அறுத்த துண்டு இன்னும் இரண்டு அனுப்புங்கள். பட்டறையில் வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும்.

அந்தோணிசாமி

*

விழுப்புரம்
20-3-1938

அந்தோணிசாமி அண்ணன் அவர்களுக்கு, சவுரிராயன் பெண்சாதி அம்சவள்ளி எழுதிக்கொண்டது.

இந்தக் கையெழுத்து உங்களுக்குப் புதிதல்ல. முன் இரண்டு கடிதமும் அவர் சொல்ல நான் எழுதியவை. இது அவருக்குத் தெரியாமல் எழுதுவது.

இரண்டரை வருஷத்துக்கு முன் அனந்தபுரத்தில் கூரை வேலையில் விழுந்தார். இடுப்பு எலும்பு சரியாகக் கூடவில்லை. உட்கார்ந்தபடி அளந்து கோடு போடுவது அவர். நின்று அறுப்பது நான். நீங்கள் எழுதிய அந்த எலியும் நான்தான், அண்ணா. என் பெருவிரல் உட்காரட்டும் என்று கண்ணாடிச் சில்லால் சுரண்டி வைத்திருந்தேன்.

கை அளவு கேட்டீர்களே, தாளை விரித்து என் கையைத்தான் வைத்தேன். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “ரம்பம் என்னுது. என் கையத்தான் வரையணும்” என்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் நின்று பழகுகிறார். வைகாசியில் தானே அறுப்பேன் என்கிறார். நான் எப்படி மறுப்பேன்?

பிடி அவ்வளவு அழகாக இருக்கிறது. என் கைக்குள் நிற்கவில்லை. உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. துணி சுற்றி அறுத்தால் கோடு விலகுகிறது. நேற்று ஒரு பலகை வீணாயிற்று. பதினெட்டு பெஞ்சு முடிந்திருக்கிறது, இன்னும் இருபத்திரண்டு.

மரம் ஈரம், திரும்பச் செதுக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக்கிக் கொடுங்கள். குறையில்லாத வேலையைக் குறை என்று உங்களையே சொல்லச் சொல்கிறேன். மன்னிக்க வேண்டும்.

அம்சவள்ளி

*

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்
24-3-1938

அன்புள்ள சவுரிராயனுக்கு,

ஒரு தப்பு நடந்துவிட்டது. கொம்புக்கு வைத்த பூவரசு சரியாகக் காயாத மரம். கோடையில் சுருங்கி ஒட்டு விட்டுவிடும். முப்பது வருஷத்தில் என் பட்டறையில் நடந்த முதல் தப்பு, ஊரெல்லாம் சொல்லிவிடாதீர்கள். ரம்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். கை அளவு மறுபடி வேண்டாம், இருப்பதை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தப் பலகைத் துண்டு இன்னும் என் எதிரில்தான் இருக்கிறது. கோடு இத்தனை சுத்தமாக இருந்ததால்தான் அறுப்பு இப்படி வந்திருக்கிறது. கோடு போட்ட கைக்கும் என் கும்பிடு.

அந்தோணிசாமி

*

விழுப்புரம்
29-3-1938

அந்தோணிசாமி அண்ணனுக்கு,

இது என் சொந்தக் கையெழுத்து. பொறுத்துப் படிக்கவும்.

ஆறு வருஷம் காய்ந்த மரம் மூன்று வாரத்தில் எப்படி ஈரமாயிற்று? உங்கள் ஒட்டை வெயிலில் வைத்துப் பார்த்தேன். மயிரிழை விடவில்லை. கோடு போட்டது ஒரு கை, அறுத்தது ஒரு கை என்று உங்களுக்குச் சொன்னது யார் என்று யோசித்தேன். அப்புறம்தான் அவள் கையில் சுற்றியிருந்த துணி என் கண்ணில் பட்டது. ஒன்றுமில்லை என்றாள். நானே பிரித்துப் பார்த்தேன்.

அண்ணா, உங்கள் முதல் கடிதத்தை இரண்டாம் தரம் படிக்கச் சொன்னது நான்தான். புகழெல்லாம் அவளுக்கு உரியது. அதை என் பெயருக்கு அவளே வாய்விட்டுப் படித்தாள். இரண்டரை வருஷமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முகம் தெரியாத நீங்கள் சொன்னீர்கள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் தாளை இழுத்தேன்.

முந்தாநாள் அவளிடம் சொல்லிவிட்டேன். “உன்னாட்டம் நான் ஒரு நாளும் அறுத்ததில்ல” என்றேன். அவள் “ஜல்தியா கோடு போடுங்க, பலகை காத்துக்கினு இருக்குது” என்று திரும்பிக்கொண்டாள்.

ரம்பம் முத்துசாமி வண்டியில் வருகிறது. கேட்ட துண்டு இரண்டும் அதோடு கட்டியிருக்கிறது. பெருவிரல் குழியைத் திரும்ப எடுத்துவிடுங்கள். கொம்பை இதில் வைத்திருக்கிற கைக்குச் செதுக்குங்கள். நான் எழுந்து நிற்கும் நாள் வந்தால் எனக்கு வேறு ரம்பம் பார்த்துக்கொள்கிறேன்.

அவள் கையைத் தாளில் வைத்து நானே வரைந்தேன். சுண்டுவிரல் பக்கம் கோடு கொஞ்சம் ஆடியிருக்கும், அந்த இடத்தை நம்ப வேண்டாம். ஆடியது பென்சில் பிடித்த என் கை. அவள் கை ஆடவில்லை.

இப்படிக்கு,
அம்சவள்ளி புருஷன்
சவுரிராயன்